மறு: குளூட்டமேட் மிகையால் செல் அழிவது – ‘தூண்டல் நைவு’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம். நம் கட்டுரைக்காக, அளவு மீறித் தூண்டப்பட்டே நரம்புச் செல் அழிவதைக் குறிக்கும் excitotoxicity என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘தூண்டல் நைவு’ என்று நான் சொன்னதற்கு ஒரு நண்பரின் மறுமொழி இது:

> ‘கிளர்ச்சி நச்சுத்தன்மை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. மூலச்சொல்லின் இரண்டு பகுதியும் வந்துவிடுகிறதே.

வந்துவிடுகிறது, உண்மைதான். போன மாதம் வரை நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். எங்கள் அத்தைக்கு அல்சைமர் நோய். மருத்துவர் மெமன்டைன் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்திருந்தார். மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எதுக்குப்பா?” என்று கேட்டார் அத்தையின் மருமகள், நான் அக்கா என்று கூப்பிடுபவர். மூளையில் ஒரு அமினோ அமிலம் மிகுந்து நச்சுத்தன்மை உண்டாகிறது, அதைத் தணிக்கத்தான் என்றேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. “நஞ்சா? நான் சமைச்சுப் போட்டதுல ஏதாவது கலந்திருக்குமா?” அன்றைக்கே இந்தச் சொல்லை விட்டுவிட முடிவு செய்தேன்.

அந்த அமினோ அமிலமான குளூட்டமேட் வெளியிலிருந்து வந்த நஞ்சு அல்ல. நினைவுக்கும் கற்றலுக்கும் அதுதான் மூளையின் முதன்மையான தூண்டு சமிக்ஞை. ஒரு நரம்புச் செல் அதை வெளிவிட்டதும், பக்கத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற விண்மீன் வடிவச் செல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. அம்மோனியாவைச் சேர்த்துக் குளூட்டமினாக மாற்றி, நரம்புச் செல்லுக்கே திருப்பித் தருகிறது. அங்கே அது மறுபடி குளூட்டமேட் ஆகிறது. அல்சைமர் மூளையில் இந்தச் சுற்று தளர்ந்துபோகிறது: உறிஞ்சும் கடத்திப் புரதமும் குறைகிறது, குளூட்டமினாக மாற்றும் நொதியும் குறைகிறது. அள்ளப்படாத குளூட்டமேட், நரம்புச் செல்லின் மேல் அதை ஏற்கும் வாயிற்புரதமான என்எம்டிஏ ஏற்பியை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. கால்சியம் செல்லுக்குள் அளவு மீறிப் புகுந்து, மைட்டோகாண்ட்ரியா கெட்டு, செல் மெல்லச் சாகிறது. மெமன்டைன் அந்த ஏற்பியின் வாயிலில் போய் அடைத்துக்கொள்கிறது. நோயை அது நிறுத்தாது, அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கும்.

ஆக, தூண்டித் தூண்டியே தேய்கிறது செல். தினமும் கல்லில் அடித்துத் துவைத்த வேட்டி, ஒருநாள் வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்போரம் இழை இழையாகத் தெரியுமே, அந்த நிலைக்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: நைந்துபோதல். அதனால்தான் தூண்டல் நைவு என்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ‘தூண்டல் – துலங்கல்’ தெரியும். ‘கிளர்ச்சி’ என்றாலோ முதலில் போராட்டம்தான் நினைவுக்கு வருகிறது. ‘சிதைவு’ ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறது. எனக்குத் தெரிந்தவரை ‘நைவு’ இன்னும் யாரும் எடுக்காமல் கிடக்கிறது.

புணர்ச்சி விதிப்படி சேர்த்து எழுதினால் ‘தூண்டனைவு’ ஆகிவிடும், தெரியும். அப்படி எழுதினால் இரண்டு சொல்லுமே மறைந்துபோகும். பிரித்தே எழுதுவோம்.

மூலச்சொல்லை ஆக்கிய அமெரிக்க மூளை ஆய்வாளர் ஜான் ஓல்னி ‘நச்சு’ என்றதற்குக் காரணம் இருந்தது. 1969இல் அவர் பார்த்தது, மோனோசோடியம் குளூட்டமேட் என்ற உப்பு ஊசியாகச் செலுத்தப்பட்ட எலிக்குஞ்சுகளின் மூளை. அங்கே பொருள் வெளியிலிருந்து வந்தது. (அதே உப்புதான் என்றாலும் நம் அடுப்பங்கரை அஜினோமோட்டோவோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டில் வரும் குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலே செலவழித்துவிடுகிறது. மிச்சத்துக்கு இரத்த-மூளைத் தடுப்பு இருக்கிறது.) அல்சைமரில் சுரப்பதும் தேங்குவதும் உள்ளேயேதான்.

இப்படி நைய வைக்கும் பொருளை ‘தூண்டல் நைவி’ எனலாம். குளூட்டமேட்டுக்கு மட்டுமில்லை, டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் உடையும் பாதையில் பிறக்கும் குயினோலினிக் அமிலத்துக்கும் இது பொருந்தும். அதுவும் அதே என்எம்டிஏ ஏற்பியைத்தான் தூண்டுகிறது.

அப்புறம், நம் கட்டுரையின் தலைப்பிலேயே வரும் ‘வளர்சிதை மாற்றம்’ (metabolism) பற்றி ஒரு வார்த்தை. இலங்கை நண்பர்கள் ‘அனுசேபம்’ என்று எழுதினால் திருத்த வேண்டாம், அது அவர்கள் பாடநூல் வழக்கு. கட்டுரையில் ஒருமுறை இரண்டையும் சேர்த்துத் தந்துவிடலாம்.

நேற்று அக்காவிடம் புதுச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “நரம்பு நைஞ்சு போயிருக்குன்னு சொல்றியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்துக்கொண்டு அத்தையின் அறைக்குப் போனார்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். மருத்துவம் படித்தவர்கள் ‘நைவு’ வேறு எதற்காவது ஆளப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.