நடவு நாளில் பிபி மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், குழுவாக என்ன செய்யலாம்?

குழுத்தலைவி, மன்னார்குடி பக்கம்:
வணக்கம். எங்கள் மகளிர் குழுவில் எல்லோரும் நடவு, களை எடுப்புக்குப் போகிறவர்கள். பாதிப் பேருக்கு பிபி. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனாலும் நடவு தொடங்கிவிட்டால் அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. "தலைசுத்தல்தான் நின்னுடுச்சே, இன்னும் எதுக்கு?" என்கிறார்கள். எங்களோடு நாற்றுப் பறிக்கும் அக்கா ஒருவருக்குப் போன மாதம் மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார். மாத்திரையை நிறுத்தி ரொம்ப நாளாம். எங்களுக்குள்ளேயே எப்படிப் பார்த்துக்கொள்வது?

சுகாதாரத் தன்னார்வலர், திருத்துறைப்பூண்டி:
அக்கா, நானும் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள்தான். வாசலில் நின்று கேட்டால் "போடுறேன்" என்றுதான் சொல்வார்கள். வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது கேளுங்கள், நிஜம் வரும்.

எங்கள் ஊரில் ஒரு அம்மா அப்படித்தான் சொன்னார்: "அதைப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. வெட்டவெளியில எங்க ஒதுங்குறது?" அவருடையது நீர் பிரிய வைக்கும் மாத்திரை. அதற்குப் பயந்து தண்ணீரும் குடிக்காமல் வெயிலில் நிற்கிறார். டாக்டரிடம் இதைச் சொல்ல வெட்கம். நாங்கள் நாலைந்து பேர் கூடவே போய்ச் சொன்னோம், மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை மட்டும் போடுகிறவர்கள் நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டு இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் இடுப்புவலி மாத்திரை. நாள் முழுக்கக் குனிந்து நட்டால் வலிக்காமல் இருக்குமா? மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அதைத் தொடர்ந்து போட்டால் பிபி ஏறும், சிறுநீரகமும் கெடும். பிபி மாத்திரையை விட்டுவிட்டு இதை மட்டும் விடாமல் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். கூட்டத்தில் முதலில் இதைப் பேசுங்கள்.

இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள். பக்கத்தில் நின்று நடுகிறவளே "போட்டியாடி?" என்று கேட்கட்டும். நான் கேட்பதைவிட அதற்குத்தான் மரியாதை.

கிராம செவிலியர்:
தங்கை சொன்னது அத்தனையும் சரி. இன்னொன்றையும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு என்றால் நெஞ்சுவலிதான் வரவேண்டும் என்றில்லை. மூச்சு வாங்கும், தாடை, முதுகு, தோள்பட்டை வலிக்கும், குப்பென்று வியர்க்கும், காரணமில்லாமல் அசந்து போவார்கள். வாயு என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால் மாரடைப்புக்கு உடனே கொடுக்க வேண்டிய முதல் மாத்திரைகள் அங்கேயே கிடைக்கும். 2023 முதல் அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் வைத்திருக்கிறார்கள்.

உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். பழையதுக்கு ஊறுகாயும் கருவாடும் தினமும் வேண்டாம், சின்ன வெங்காயம் போதும்.

குழுத்தலைவி:
ரொம்ப நன்றி. தண்ணீர் விஷயம் எங்களிலும் உண்டு, நான் உட்பட. வயலுக்கு ஒரு பழைய சேலையும் நாலு கம்பும் கொண்டுபோய் மறைப்புக் கட்டலாம் என்று பேசியிருக்கிறோம். அறுவடைக்கு வெளியூர் போய்த் தங்குகிறவர்கள் மாத்திரைக்கு என்ன செய்வது?

சுகாதாரத் தன்னார்வலர், திருத்துறைப்பூண்டி:
கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் ஊர்த் தன்னார்வலரிடம் சொல்லுங்கள், தங்கும் நாளுக்கும் சேர்த்துக் கேட்டு வாங்கலாம். சிகிச்சை அட்டையையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.