பிரெஞ்சுக்காரரை மரியாதையாக வழியனுப்ப என்ன சொல்ல வேண்டும்?

நல்லூரடி வீடு:
எங்கள் வீட்டு மேல்மாடி அறைகளை வெளிநாட்டு ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். இந்தக் கிழமை பிரான்சிலிருந்து வயதான தம்பதி ஒன்று நிற்கிறது. நல்ல பண்பான ஆட்கள். அம்மா அவித்த புட்டுக்குத் தினமும் நன்றி சொல்லிவிட்டுத்தான் மேசையை விட்டு எழும்புவார்கள். சனிக்கிழமை வான் பிடித்துத் திருகோணமலைக்கு வெளிக்கிடுகிறார்கள். போய்வாருங்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்தது ‘ஓர்வுவார்’ மட்டும்தான். அதை மட்டும் சொன்னால் மொட்டையாக இருக்காதா? பாரிசில் இருந்தவர்கள் சொல்லித் தாங்கோ.

பிரெஞ்சு மாணவி:
‘சலூ’, ‘சாவ்’ இரண்டும் வேண்டாம், அவை கூட்டாளிகளுக்கு. ‘அதியூ’ வேண்டவே வேண்டாம். இனி ஆளை ஆள் காணமாட்டோம் என்ற மாதிரி ஆகிவிடும்.

லாச்சப்பல் பழைய ஆள்:
பிள்ளை, நான் இப்போது கொக்குவிலில் இருந்தாலும் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மரக்கறிக் கடைக் கல்லாவில் கன காலம் நின்றவன். அங்கே ஒன்றும் வாங்காமல் வெறுங்கையோடு போகிறவர்கூட வாசலில் ‘ஓர்வுவார் மிசியே’ சொல்லாமல் போகமாட்டார். வைத்தியரிடம் காத்திருக்கிற இடத்தில் எழும்பிப் போகிறவர், முன்பின் தெரியாத ஆட்களுக்கும் சொல்லுவார். பேசாமல் போனால் வளர்ப்புச் சரியில்லை என்று நினைப்பார்கள். அதனால் ‘ஓர்வுவார்’ குறைந்த சொல் இல்லை. பின்னால் பெண்ணுக்கு ‘மதாம்’, ஆணுக்கு ‘மிசியே’ சேர்த்தால் மரியாதை வந்துவிடும். பெயர் தேவையில்லை. அந்த ‘ர்’ தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டும், வராவிட்டாலும் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள்.

அப்புறம் ஒரு வாழ்த்துச் சேர்ப்பார்கள். ஆள் அடுத்ததாக என்ன செய்யப் போகிறார் என்று பார்த்துச் சொல்லுவது அது. காலையில் கோயிலுக்கு இறங்குகிறார்களா, ‘பொன் ஜூர்னே’. பின்னேரம் ஐந்து ஆறு மணிக்குப் பிறகு வெளியே சாப்பிடப் போனால் ‘பொன் சுவாரே’. ‘பொன் நுயி’ என்பது படுக்கப் போகிறவருக்கு மட்டும். ஏழு மணிக்கு வாசலில் நின்று அதைச் சொன்னால், இவர் ஏன் எங்களைப் படுக்கச் சொல்லுகிறார் என்று சிரிப்பார்கள். வாகனத்தில் தூரப் பயணம் போகிறவருக்கு ‘பொன் ரூத்’. சனிக்கிழமை உங்களுக்கு வேண்டியது இதுதான். திருகோணமலைக்குப் பிறகும் இலங்கையில் நிற்கிறார்கள் என்றால் ‘பொன் ஃபான் து செஜூர்’ என்றும் சொல்லலாம், மிச்ச நாட்களும் நல்லாய்ப் போகட்டும் என்று.

ஆகவே வாசலில் நின்று, ‘ஓர்வுவார் மதாம், ஓர்வுவார் மிசியே, மெர்சி, பொன் ரூத்!’ இவ்வளவும் சொன்னால் மனிசி உருகிப் போவா.

நல்லூரடி வீடு:
பெரிய உதவி அண்ணை. அவர்கள் முந்திக்கொண்டு ‘பொன் ஜூர்னே’ சொன்னால் என்ன பதில்? அம்மாவுக்கு வேறு ஒரு பயம். போகும்போது மதாம் கன்னத்தை நீட்டினால் என்ன செய்வது என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறா.

பிரெஞ்சு மாணவி:
‘மெர்சி, வூசோசி.’ நன்றி, உங்களுக்கும் என்று அர்த்தம். ‘துவா ஒசி’ என்று சொல்லிவிடாதீர்கள், அது ‘நீ’ போட்டுக் கதைக்கிறது.

லாச்சப்பல் பழைய ஆள்:
கன்னம் கொடுப்பது பெரும்பாலும் பழகிய ஆட்களுக்குள்தான், அதனால் அம்மா பயப்பட வேண்டாம். நீட்டினாலும் கன்னத்தோடு கன்னம் பட்டும் படாமல் வைத்து வாயால் சத்தம் போடுவதுதான். பாரிசில் இரண்டு தரம், தெற்கே சில இடங்களில் மூன்று தரம், அதை அவர்களே நடத்திக்கொள்ளுவார்கள். முந்தி அம்மா கை கூப்பிவிட்டால் அவர்களும் கூப்புவார்கள், பிரச்சினை முடிந்தது. வழிக்குப் பருத்தித்துறை வடை கொஞ்சம் கட்டிக் கொடுங்கோ. அது சுணங்கிச் சாப்பிட்டாலும் பழுதாகாது.