வால்டர் பர்லி கிரிஃபின்: அதிகாரிகள் முடக்கிய மேதையா, காகிதத்தில் மட்டும் ஜெயித்தவரா?

வரைபலகை:
கட்டடக்கலைஞர் கிரிஃபின் பெயர் வந்தாலே ஒரே கதைதான். 1876இல் இலினாய்ஸில் பிறந்தார், புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் அலுவலகத்தில் சில வருடம் இருந்தார், 1912இல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவின் வடிவமைப்புப் போட்டியில் 137 திட்டங்களில் முதலாவதாக வந்தார், பிறகு பொறாமை பிடித்த அதிகாரிகள் அவரைக் கட்டவே விடவில்லை. பாவம் மனுஷன் என்று முடித்துவிடுவார்கள்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. முதலில், அந்தப் போட்டியே முழுமையானது அல்ல. முடிவு சொல்லும் அதிகாரம் அமைச்சர் கிங் ஓ'மாலியிடம் இருந்ததை எதிர்த்து பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் சங்கம் புறக்கணித்தது. வந்தவர்களுக்குள்தான் போட்டி. மூன்று நடுவர்களில் இருவர்தான் கிரிஃபினைத் தேர்ந்தெடுத்தார்கள். நடுவர் குழுத் தலைவர் சிட்னிக்காரர்களின் திட்டத்துக்கு ஓட்டுப் போட்டார். வரைந்தவர் இடத்தை நேரில் பார்த்ததே இல்லை. 1913 அக்டோபரில் தலைநகர் வடிவமைப்பு, கட்டுமான இயக்குநர் பதவி கிடைத்தது, 1920 முடியும் வரை இருந்தார். ஏழு வருடம். அந்த ஒப்பந்தம் சொந்தத் தொழிலையும் சேர்த்துப் பார்க்க அனுமதித்தது, அவரும் மெல்பர்னில் தாராளமாகப் பார்த்தார். இன்று கான்பராவில் அவர் வடிவமைத்து நிலைத்து நிற்பது ஒன்றே ஒன்று: ஆஸ்திரேலியப் படைத் தளபதி ஜெனரல் பிரிட்ஜஸின் கல்லறை. ஒரு தலைநகரின் சிற்பிக்கு இதுதான் கணக்கா?

ஏரிக்கரை:
கான்பராவில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் சூடாகவே பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வருடம் என்கிறீர்கள். அதில் நாலு வருடம் முதல் உலகப் போர், பணம் எல்லாம் அங்கே போனது. அவர் வருவதற்கு முன்பே அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்பதை விட்டுவிட்டீர்களே. பரிசு வாங்கிய திட்டங்களில் இருந்து இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு எடுத்து ஒட்டி, தாங்களே ஒரு 'குழு வரைபடம்' போட்டார்கள். வெளியே வந்தபோது ஊரே சிரித்தது. அதற்கு அப்புறம்தான் கிரிஃபினை சிகாகோவில் இருந்து கூப்பிட்டார்கள். வந்தவருக்குத் தேவையான விவரங்களைக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள், தவறான தகவலும் கொடுத்தார்கள். இது ரசிகர் மன்றக் கதை இல்லை. 1917இல் விசாரணை ஆணையமே, பிளாக்கெட் தலைமையில், இப்படித்தான் முடிவு சொன்னது.

அப்புறம், போட்டியில் ஆளே இல்லை என்பது போலப் பேசுகிறீர்கள். இரண்டாம் பரிசு யாருக்கு? ஃபின்லாந்தின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் எலியல் சாரினன்.

வரைபலகை:
ஆணையம் சொன்னது எனக்கும் தெரியும். ஆனால் 1920இல் அரசு அவரை வெளியே தள்ளவில்லையே? சல்மன் தலைமையில் ஓர் ஆலோசனைக் குழு வந்தது, அதில் உறுப்பினராக இருங்கள் என்று கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றவர் அவர்தான். நகரம் கட்டுவது பத்துப் பேரோடு உட்கார்ந்து சண்டை போட்டுச் செய்யும் வேலை. அது அவருக்கு வரவில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

ஏரிக்கரை:
அந்தக் குழுவில் வேறு யார் இருந்தார்கள் என்று பார்த்தீர்களா? பெர்சி ஓவன். பொதுப்பணித் துறையில் கிரிஃபினோடு ஆரம்பம் முதலே முட்டிக்கொண்ட அதே ஓவன். இயக்குநராக இருந்தவரை அவரோடு சமமாக உட்காரச் சொன்னால் யார்தான் போவார்கள்?

செங்கல்சூளை:
நான் சைட்டில் வேலை பார்க்கிறவன். இரண்டு பேரும் கோப்புகளையே பேசுகிறீர்கள், மனுஷன் கட்டியதைப் பேசுங்கள்.

1917இல் 'நிட்லாக்' என்று ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் மெல்லிய கான்கிரீட் ஓடுகள், சுவருக்கு இரண்டு அடுக்கு. கையால் இயக்கும் அச்சில் சைட்டிலேயே வார்த்துக்கொள்ளலாம், தேர்ந்த கொத்தனார் கிடைக்காத இடத்திலும் வீடு எழும்பும். ரைட் லாஸ் ஏஞ்சலிஸில் தன் கான்கிரீட் கட்டை வீடுகளைத் தொடங்கியது 1923இல். யார் யாரைப் பார்த்துச் செய்தார் என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. தேதியை மட்டும் சொல்கிறேன். இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது. ரைட் 1905இல் ஜப்பான் போனபோது அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர் கிரிஃபின்தான். கடன் வாங்கியிருந்த ரைட், திரும்பி வந்து காசுக்குப் பதிலாக ஜப்பானிய அச்சுப் படங்களைக் கொடுத்தார். அதோடு உறவு முறிந்தது.

1930களில் வேலை வறண்டபோது குப்பை எரிக்கும் உலைகள் வடிவமைத்தார். சிரிக்காதீர்கள். சிட்னி அருகே வில்லோபியில் இன்னும் ஒன்று நிற்கிறது, போய்ப் பாருங்கள். சரிவில் கட்டியிருக்கிறார். குப்பை வண்டி மேல்பக்கம் வந்து கொட்டும், குப்பை தானாக இறங்கும், வெப்பக் காற்று அதை உலர்த்தும், எரிந்த சாம்பல் கீழ்ப்பக்கம் வரும். இயந்திரத்தின் தேவையே கட்டடத்தின் படிப்படியான உருவத்தைக் கொடுத்திருக்கிறது. காகிதத்தில் மட்டும் ஜெயித்தவர் இதைச் செய்ய மாட்டார்.

வரைபலகை:
செங்கல்சூளை அண்ணே, நீங்கள் சொன்னது எனக்குத்தான் சாதகம். தலைநகர் கட்ட வந்தவர் குப்பை உலையில் முடிந்தார் என்றால் அது தோல்வி இல்லையா?

செங்கல்சூளை:
தம்பி, குப்பை உலை ஊருக்கு வேண்டாமா? நல்ல உலை கட்டியவனை ஏன் தோற்றவன் என்கிறீர்கள்? மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் நியூமன் கல்லூரியின் குவிமாடத்தையும், அதே ஊரில் 1924இல் திறந்த கேபிடல் தியேட்டரின் கூரையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டரில் படிகம் படிகமாக வார்த்து, உள்ளே வண்ண விளக்குகளை மறைத்து வைத்த கூரை அது.

கோமதி:
இத்தனை பதிவு போன பிறகும் ஒரு பெயர் வரவில்லை. மேரியன் மஹோனி, கிரிஃபினின் மனைவி. அந்தக் கூரையிலும் அவர் கை இருக்கிறது.

1894இல் எம்.ஐ.டி.யில் கட்டடக்கலைப் பட்டம் வாங்கிய இரண்டாவது பெண். இலினாய்ஸில் உரிமம் பெற்ற முதல் பெண் கட்டடக்கலைஞர். ரைட்டிடம் 1895இலேயே சேர்ந்தவர். கிரிஃபின் வந்து சேர்ந்தது 1901இல். 1910இல் ஜெர்மனியில் வெளியான ரைட்டின் புகழ்பெற்ற வரைபடத் தொகுப்பில் ஏறக்குறைய பாதிப் படங்கள் மேரியனின் கை வரைந்தவை. மரமும் கொடியும் வீட்டைச் சூழ்ந்து நிற்கும் அந்தப் பாணியைத்தான் உலகம் 'ரைட் பாணி' என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. 1911 ஜூனில் கல்யாணம். சில மாதத்தில் கான்பராப் போட்டிக்கான படங்கள். நடுவர்கள் பார்த்தது மேரியன் வரைந்ததைத்தான்.

அதனால் 'கிரிஃபின் மேதையா இல்லையா' என்ற கேள்வியே பாதி ஆளைப் பற்றிய கேள்வி.

வரைபலகை:
அப்படியானால் நான் சொன்னது இன்னும் உறுதியாகிறது. நல்ல ஓவியத்தைப் பார்த்து நடுவர்கள் மயங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கோமதி:
வைத்துக்கொள்ள முடியாது. எந்த மலையில் இருந்து எந்த மலைக்கு நகரத்தின் அச்சு, அதாவது நடுக்கோடு, போக வேண்டும் என்பதும், எந்தக் கோணத்தில் இருந்து பார்த்தால் அது புரியும் என்பதும் ஒரே யோசனையின் இரண்டு பக்கம். கான்பராவின் மவுண்ட் எய்ன்ஸ்லி உச்சியில் இருந்து பார்க்கும் அந்த நீளமான படத்தை வரைய, நிலத்தின் மேடு பள்ளம் முழுக்க மனசில் ஏறியிருக்க வேண்டும். சமஉயரக் கோட்டு வரைபடத்தை வைத்துக்கொண்டு சிகாகோவில் உட்கார்ந்து அதைச் செய்தார்கள். இடத்தைப் பார்க்கவில்லை என்று குறை சொன்னீர்களே, பார்க்காமல் இந்த அளவுக்குப் புரிந்துகொண்டதற்கு என்ன சொல்வீர்கள்?

ஏரிக்கரை:
கோமதி சொல்வதில் பாதிதான் ஏற்கிறேன். மேரியன் தன் கடைசிக் காலத்தில் ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு நினைவு நூல் எழுதினார். அதில் வடிவமைப்புக்கான பெருமையை முழுக்க வால்டருக்கே கொடுக்கிறார், தன்னைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்கிறார். அவரே சொல்லாததை நாம் எப்படிச் சொல்வது?

கோமதி:
அதே நூலின் நாலு பகுதிக்கும் 'போர்' என்று பெயர் வைத்தவர் அவர். இந்தியா ஒரு போர், கான்பரா ஒரு போர், காசில்கிராக் ஒரு போர், தனி வாழ்க்கை ஒரு போர். இறந்துபோன கணவரின் பெயரைக் காப்பாற்றுவதற்காக எழுதிய வழக்குரை அது. அதில் தன் பங்கைக் குறைத்துச் சொன்னார் என்பதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்கிறீர்கள். 1903இல் எவன்ஸ்டனில் அவர் வடிவமைத்த தேவாலயம், வால்டர் சம்பந்தப்படாதது. 1909இல் ரைட் ஐரோப்பாவுக்குப் போனபோது, வான் ஹோல்ஸ்ட் என்ற கட்டடக்கலைஞர் பெயரில் நடந்த அலுவலகத்துக்கு வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டவரும் இவர்தான். இலினாய்ஸின் டிகேட்டர் ஊரில் அப்போது வடிவமைத்த வீடுகள் இன்னும் இருக்கின்றன.

செங்கல்சூளை:
காசில்கிராக் பற்றி யாராவது சொல்லுங்கள். எனக்கு அதுதான் அவர்களின் சிறந்த வேலை.

ஏரிக்கரை:
சிட்னித் துறைமுகத்தின் வடக்குக் கரையில் அவர்கள் திட்டமிட்ட குடியிருப்பு. 1921இல் 650 ஏக்கர் வாங்கினார்கள். தெருக்கள் பாறையின் வளைவைப் பின்பற்றிப் போகும், வீடுகள் உள்ளூர்க் கல்லில் தாழ்வாக இருக்கும், மொட்டைக் கூரை, நடுவில் எல்லாருக்கும் பொதுவான நிலம், நடுவது உள்ளூர் மரம். 'புதர்' என்று மற்றவர்கள் வெட்டித்தள்ளிக்கொண்டிருந்த காலத்தில்! திட்டமிட்டதில் கொஞ்சம்தான் வீடானது, அதை மறைக்கவில்லை.

வரைபலகை:
"கொஞ்சம்தான் வீடானது." நன்றி. லக்னோவுக்கும் இதே வாக்கியம் பொருந்தும். 1935 நவம்பரில் பல்கலைக்கழக நூலகம் வடிவமைக்க அங்கே போனார். நூலகம் அவர் வரைந்தபடி எழும்பவில்லை.

செங்கல்சூளை:
ஆள் செத்துப்போனார் தம்பி. அதையும் சொல்லுங்கள். 59 வயசில் புது நாட்டுக்கு வந்து, பதினைந்து மாதத்துக்குள் நூலகம், பயனியர் பத்திரிகைக்குக் கட்டடம், ஐக்கிய மாகாணத் தொழில், விவசாயக் கண்காட்சிக்கு முழு வளாகம் என்று ஓயாமல் வரைந்தார். 1936இல் மேரியனும் வந்து சேர்ந்துகொண்டார். பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் வயிற்றுக்குள் அழற்சி கண்டு 1937 பிப்ரவரி 11 அன்று இறந்தார். லக்னோவிலேயே புதைத்தார்கள். 1988 வரை கல்லறையில் பெயர்கூட இல்லை. தோல்விப் பட்டியலில் இதையும் சேர்த்து எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வரைபலகை:
சாவை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. ஒரு கலைஞரை எதை வைத்து அளப்பது என்றுதான் கேட்கிறேன். அடிபட்டதை வைத்து அளப்பதா, நின்றதை வைத்து அளப்பதா? கான்பராவின் ஏரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். ஆனால் அது நிறைந்தது 1964இல், அவர் வரைந்த கிழக்கு ஏரி இல்லாமல். அணைக்கு ஸ்கிரிவனர் பெயர், அவரோடு ஒத்துப்போகாத நில அளவையாளரின் பெயர். 1925இல் அவர் திட்டத்தைச் சட்டமாக்கியபோது தெருக்கோடுகள் மட்டும்தான் உள்ளே வந்தன, கட்டடம் எதுவும் வரவில்லை. தற்காலிக நாடாளுமன்றத்தை அச்சின் மேலேயே வைத்தார்கள். முன்வாசல் முழுக்கக் கழிப்பறை கட்டுவது போல என்று அவர் கத்தியும் யாரும் கேட்கவில்லை. நீங்கள் 'அவர் நகரம்' என்று சொல்வதில் அவருடையது என்ன?

ஏரிக்கரை:
கோடுகள். தெருக்கோடு 'மட்டும்' என்கிறீர்கள். ஒரு நகரத்தில் மாற்ற முடியாதது அதுதான். கட்டடத்தை இடிக்கலாம், 1925இல் போட்ட அச்சை இன்றுவரை யாராலும் தொட முடியவில்லை. எய்ன்ஸ்லி, நாடாளுமன்றக் குன்று, தூரத்தில் பிம்பெரி மலை. எய்ன்ஸ்லியில் நின்றால் குழந்தைக்கும் தெரியும். அந்த உச்சியில் உள்ள பார்வையிடத்துக்கு 2013இல் மேரியன் பெயரை வைத்தார்கள், கோமதிக்காகச் சொல்கிறேன்.

கோமதி:
அவர் 1961இல் சிகாகோவில் வறுமையில் இறந்தார். 52 வருடம் கழித்து ஒரு பார்வையிடம். சரி, வாங்கிக்கொள்கிறேன். இனிமேல் இந்த இழையின் தலைப்பில் அவர் பெயரையும் சேர்க்க முடியுமா?

வரைபலகை:
தலைப்பு மாற்றப் பொறுப்பாளரைக் கேளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஏரிக்கரைக்கு ஒரே ஒரு கேள்வி. நாடாளுமன்றக் குன்று என்றீர்களே, அதன் உச்சியில் நாடாளுமன்றம் வேண்டாம், அது மக்கள் கூடும் இடமாக இருக்கட்டும் என்றுதானே கிரிஃபின் வரைந்தார்? 1988இல் அங்கே எதைக் கட்டினார்கள்?

ஏரிக்கரை:
நாடாளுமன்றத்தை. ஆனால் வடிவமைத்த ஜுர்கோலா அதைக் குன்றுக்குள் இறக்கி, மேலே புல் போட்டார், மக்கள் பிரதிநிதிகளின் தலைக்கு மேல் நடக்கட்டும் என்று.

வரைபலகை:
2017இல் அந்தப் புல்லுக்கு வேலி போட்டது யார்?

ஏரிக்கரை:
அது பாதுகாப்புக்காரர்கள். அதற்கும் கிரிஃபினைத் திட்டப்போகிறீர்களா?