பாதாம் மரங்களில் காய்ப்பைக் கேமராவால் எண்ணுவது நம்பத்தக்கதா?

நிலவன்:
தோப்பின் மொத்த விளைச்சல் எடைமேடையில் தெரிந்துவிடுகிறது; எந்த மரம் எவ்வளவு காய்த்தது என்பதுதான் தெரிவதில்லை. டிராக்டரில் கேமராவைப் பொருத்தி வரிசைகளுக்கிடையே ஓட்டிப் பார்த்தோம். ஒரே மரத்துக்குக் காலையில் ஓர் எண்ணிக்கையும் நண்பகலில் வேறோர் எண்ணிக்கையும் வருகின்றன; இரண்டுமே உண்மையான காய்ப்பைவிட மிகக் குறைவு. இதற்கு வழி உண்டா?

இளவேனில்:
இவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். முதலாவது வெளிச்சம் பற்றியது; இரவில் வலுவான விளக்கொளியில் படமெடுத்தால் நிழல் மாறுவதில்லை, பின்வரிசை மரங்களும் இருளில் மறைந்துவிடுவதால் அவற்றின் காய்கள் கணக்கில் சேர்வதில்லை. இரண்டாவதுதான் கடினம். பிஞ்சின் மேல்தோலும் இலையும் ஒரே பச்சை என்பதால் நிறத்தை வைத்துப் பிரிக்க இயலாது. வடிவத்தையும் மேற்பரப்பையும் படங்களிலிருந்து கற்ற கணினி மாதிரி தேவை. அப்படியே கற்பித்தாலும், இலை மறைத்த காயை எந்த மாதிரியாலும் காண முடியாது. ஆகவே சில மரங்களை இருபுறமும் படமெடுத்து, பின் அவற்றை உலுக்கி உதிர்த்து, எல்லாக் காய்களையும் கையால் எண்ணி, கேமரா கண்டதற்கும் உள்ளதற்குமான விகிதத்தைப் பெறுங்கள். இரகமும் வயதும் கவாத்தும் (கிளைகளை வெட்டும் முறையும்) மாறினால் இந்த விகிதமும் மாறும். ஒரு பகுதியின் விகிதத்தை இன்னொரு பகுதிக்குப் பொருத்துவதில் பயனில்லை.

மருதன்:
மரத்தில் எண்ணுவதே வீண் வேலை என்பது என் கருத்து. காய் முழுவதும் தரைக்கு வந்து இயந்திரத்தின் வழியாகத்தானே போகிறது? அறுவடை இயந்திரத்தில் காய்களைக் கொண்டுசெல்லும் ஓடுபட்டைக்கு மேல் கேமராவும் அதனுடன் ஜிபிஎஸ்ஸும் இருந்தால் போதும்.

இளவேனில்:
மக்கடாமியா என்னும் கொட்டை மரத்துக்கு அது பொருந்தும். காய் விழுந்த இடத்திலிருந்தே பொறுக்கப்படுவதால் இடக்குறிப்பு ஓரளவு நிலைக்கிறது. பாதாமையோ தரையில் உலர்த்தி, வரிசை நெடுகக் குவியலாகக் கூட்டிய பிறகே அள்ளுகிறோம். அதற்குள் எது எந்த மரத்துடையது என்பது கலந்துவிடுகிறது. பட்டையின் மேல் கேமரா காண்பதும் மேலடுக்கை மட்டுமே, அதிலும் மண்ணும் குச்சியும் சேர்ந்திருக்கும். எடை உணரியைச் சேர்த்தால் வரிசையின் ஒரு துண்டுக்குரிய விளைச்சல் கிடைக்கும், மரத்துக்குரியது கிடைக்காது.

நிலவன்:
மரத்துக்கு மரம் தழைச்சத்து அளவை மாற்றுவதே எங்கள் நோக்கம்.

மருதன்:
உங்கள் சொட்டுநீர்க் குழாய் வரிசைக்கு ஒன்றாகத்தானே ஓடுகிறது? அதன் வழியாக உரமிடுவதானால் மரவாரியான எண்ணிக்கை கிடைத்தாலும் பயன்படுத்த வழியில்லை. பகுதிவாரி விளைச்சலே போதும். அதையும் பருப்பு எடையாகக் கணக்கிடுங்கள்: தோலும் ஓடும் சேர்ந்த எடையில் பருப்பு ஏறத்தாழ கால் பங்குதான், அந்தப் பங்கும் இரகத்துக்கு இரகம் வேறுபடும்.