ஆபத்துச் செய்திகூட வராமல் காணாமல் போகும் கப்பல்கள்: கடலில் இருந்தவர்கள் சொல்வது

தாதுக் கப்பலில் சீஃப் ஆபிசராக (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) இருந்தவர்:

"கப்பல் மாயம்" என்று செய்தி வந்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். ஒரு ஆபத்துச் செய்தியாவது அனுப்பியிருக்க மாட்டார்களா? அதற்குப் பதில் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கப்பலோடு போய்விட்டார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

இந்தோனேசியாவில் நிக்கல் தாது ஏற்றிக்கொண்டிருந்தோம். திறந்தவெளியில் குவித்த மண்ணை பார்ஜில் (தட்டையான சரக்குப் படகில்) கொண்டுவருவார்கள், மழையும் விடாது. பார்வைக்கு அது கட்டி கட்டியாக, உலர்ந்த செம்மண் மாதிரிதான் இருந்தது. சந்தேகப்பட்டு ஒரு டப்பாவில் பாதியளவு எடுத்தேன். ஒரு சாண் உயரத்திலிருந்து கெட்டியான தரையில் 25 தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது முறை. பாதி எண்ணிக்கை வருவதற்குள் மேலே தண்ணீர் மினுமினுத்தது. கடற்கரை ஈரமணலில் காலால் மிதித்துக்கொண்டே இருந்தால் மணல் கூழாகுமே, அதேதான். கேப்டன் அந்த பார்ஜைத் திருப்பி அனுப்பிவிட்டார். சரக்கு அனுப்புபவரின் ஆள் விடிய விடிய சண்டை போட்டார்.

அந்த மண் ஹோல்டுக்குள் (கப்பலின் சரக்கு அறைக்குள்) போயிருந்தால் எஞ்சின் அதிர்வும் அலையாட்டமும் அதே வேலையைச் செய்திருக்கும். துகள்கள் நெருங்க நெருங்க, இடையில் உள்ள நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும். சரக்கு மொத்தமும் குழம்பாகும். கப்பல் சாயும்போது ஒரு பக்கம் ஓடும், நிமிரும்போது முழுசாகத் திரும்பாது. அடுத்த ஆட்டத்தில் இன்னும் சாயும், செய்தி அனுப்பக்கூட நேரம் கிடைக்காமல் கவிழும். 2010 அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை இப்படி மூன்று கப்பல்கள் போயின, 44 பேர் இறந்தார்கள். 2011 டிசம்பர் 25 அன்று வியட்நாமின் 'வினாலைன்ஸ் குவீன்' பிலிப்பைன்ஸ் பக்கம் காணாமல் போனது. ஒரு செய்தியும் இல்லை. ஐந்து நாள் கழித்து லைஃப் ராஃப்டில் (உயிர்காக்கும் மிதவையில்) மிதந்த ஒரே ஒரு மாலுமியை வேறொரு கப்பல் தூக்கியது. அவர் பிழைத்திருக்காவிட்டால் அதுவும் இன்றைக்கு ஒரு மர்மக் கதை. 2017 அக்டோபரில் 'எமரால்ட் ஸ்டார்' போனபோது அதில் இருந்த 26 பேரும் இந்தியர்கள். 10 பேர் கிடைக்கவே இல்லை. நம் பிள்ளைகள் ஏறும் கப்பல்கள் இவை.

செகண்ட் ஆபிசர், டேங்கர்:

எனக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குத் தெற்கே நடந்தது. அங்கே அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது. தென்மேற்கிலிருந்து புயல் அடித்தால் அலை அதற்கு எதிராக வந்து, குறுகி, செங்குத்தாக எழும். நான் பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையில்) காவல் பணியில் இருந்தேன். முதலில் வந்தது அலை அல்ல, பள்ளம். கப்பலின் மூக்கு கீழே போய்க்கொண்டே இருந்தது. பிறகு எதிரே பச்சைத் தண்ணீர் சுவராக நின்று முன்தளம் முழுவதையும் மூடியது. கப்பல் எழுந்துவிட்டது. முன்பக்க ரெயிலிங் மட்டும் வளைந்து கிடந்தது. முன்தளத்தில் ஆள் யாரும் இல்லாதது எங்கள் பாக்கியம். கேப்டன் உடனே கரைப்பக்கமாக, ஆழம் குறைந்த திட்டுக்குள் கப்பலைத் திருப்பினார். நீரோட்டத்தின் வேகம் அங்கே குறைவு.

1909 ஜூலையில் 211 பேருடன் டர்பனை விட்டுக் கிளம்பிய 'வாராட்டா' என்ற கப்பல் இந்தக் கடலில்தான் தடயமே இல்லாமல் போனது. அதன் உடைசல் இன்றுவரை கிடைக்கவில்லை, ஆனால் அந்த இடத்து அலையைப் பார்த்தவனுக்கு வேறு காரணம் தேடத் தோன்றாது. மாலுமிகள் இப்படிச் சொன்னதையெல்லாம் வெகுகாலம் மிகைப்படுத்தல் என்றார்கள். 1995 ஜனவரி 1 அன்று வடகடலில் டிராப்னர் எரிவாயு மேடையின் கருவி 25.6 மீட்டர் அலையை அளந்த பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது.

விமானி:

விமானம் காணாமல் போவதற்கும் இப்படி இயல்பான காரணம்தான். பயிற்சியின்போது என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஆசிரியர் மெதுவாக விமானத்தைத் திருப்பினார். நேராகப் போகிறோம் என்று சத்தியம் செய்திருப்பேன், கண்ணைத் திறந்தால் கருவி இடப்பக்கச் சாய்வைக் காட்டியது. கடல்மேல், புகைமூட்டத்தில் அடிவானம் தெரியாதபோது காதுக்குள் இருக்கும் சமநிலை உணர்வு இப்படித்தான் ஏமாற்றும்.

பெர்முடா முக்கோணம் என்று சொல்லும் பகுதியில், புளோரிடா பக்கம், 1945 டிசம்பர் 5 அன்று அமெரிக்கக் கடற்படையின் ஐந்து அவெஞ்சர் விமானங்கள் 14 பேருடன் போனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் சத்தமில்லாமல் மறையவில்லை, வானொலியில் நிறையப் பேசினார்கள். தலைமை விமானி திசைகாட்டிகள் பழுது என்றும், தாம் புளோரிடா கீஸ் தீவுகளுக்கு மேல் இருப்பதாகவும் நம்பினார். இருட்டியது, கடல் கொந்தளித்தது, எரிபொருள் தீர்ந்தது. தேடப் போன மாரினர் விமானம் வெடித்தது என்பதற்கும் சாட்சி உண்டு. தீப்பிழம்பை ஒரு டேங்கர் கப்பலில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

நம் தாம்பரத்திலிருந்து 2016 ஜூலை 22 அன்று போர்ட் பிளேயருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.32 விமானத்தையும் சொல்ல வேண்டும். 29 பேர். எத்தனை கப்பல்கள், விமானங்கள் தேடின! 2024 ஜனவரியில்தான் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி எடுத்த படங்களில் உடைசல் தெரிந்தது. சென்னையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர், ஆழம் 3,400 மீட்டர். அது எங்கேயும் மறையவில்லை, போன வழியிலேயே கிடந்தது. அந்தக் குடும்பங்கள் ஏழரை வருடம் காத்திருந்தன.

கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து மீனவர்:

எங்கள் ஊரில் தங்குகடல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க) போன படகு திரும்பாவிட்டால் பேப்பரில் "மாயம்" என்று இரண்டு வரி. அண்ணனோடு நானும் போயிருக்கிறேன். ராத்திரி வலையை விட்டுவிட்டு எல்லோரும் அசந்து தூங்கும் நேரம். காவலுக்கு இருந்த நான் பார்த்தபோது விளக்கு ஒன்று நேரே எங்களை நோக்கி வந்தது. வயர்லெஸில் கத்தினேன், பதில் இல்லை. டார்ச்சை ஆட்டினேன். அண்ணன் வலையை அறுத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். கப்பல் பக்கத்தில் போனபோது அதன் அலையில் படகு கவிழப் பார்த்தது. மேலே இருந்தவர்களுக்கு நாங்கள் இருந்ததே தெரிந்திருக்காது.

சீஃப் ஆபிசர்:

தம்பி, தெரியாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். பெரிய கப்பலின் பிரிட்ஜிலிருந்து பார்த்தால் முன்மூக்குக்கு அப்பால் 500 மீட்டர் வரை கடல் மறைந்திருக்க விதியே இடம் தருகிறது. மரப்படகும் ஃபைபர் படகும் ராடாரில் அலையோடு கலந்துவிடும். படகு இருக்கும் இடத்தை மற்றக் கப்பல்களுக்குத் தானாகச் சொல்லும் ஏ.ஐ.எஸ். கருவி படகில் இருக்கிறதா? இருந்தால் வலை விட்ட பிறகும் அணைக்காதீர்கள். ராடார் அலையைத் திருப்பி அனுப்பும் ராடார் ரிஃப்ளெக்டர் ஒன்றைக் கம்பத்தின் உச்சியில் கட்டுங்கள், விலை அதிகம் இல்லை. அண்ணனிடமும் சொல்லுங்கள்.