மூணாறு ஒரு நாள் ரைடு: மழை பற்றி உங்க யோசனை வேணும்

வணக்கம் அண்ணன்மாரே. வர்ற ஞாயிறு போடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பைக்கில் கிளம்புறோம். போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் வழியா மூணாறு. திரும்பும்போது பூப்பாறையிலிருந்து உடும்பன்சோலை, நெடுங்கண்டம், கம்பம்மெட்டு வழியா கம்பத்தில் இறங்குறதா திட்டம்.

மே மாச வானத்தை நம்ப முடியல. கீழே வெயில் கொளுத்துது, மேலே மதியத்துக்கு மேல இடியோட மழை. காய்ஞ்ச ரோட்டில் முதல் தூறல் விழுந்ததும் எண்ணெயும் தூசியும் குழைஞ்சு வழுக்கும். கொட்டுற மழையைவிட அந்தக் கொஞ்ச நேரம்தான் மோசம். எங்க கூட்டத்தில் மூணு பேர் மலை ரோட்டுக்குப் புதுசு. ஒரு தம்பி மனைவியை ஏத்திக்கிட்டு வர்றான். எல்லாரையும் பத்திரமா வீடு சேர்க்கணும்.

விடிஞ்சும் விடியாம கிளம்பி, போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவையும் வெயிலுக்கு முன்னாடி ஏறிட்டு, மூணாறில் சீக்கிரமே சாப்பிட்டுத் திரும்பணும்னு நினைக்கிறேன். மழைக்கோட்டு போட்டு ஓட்டிரலாம்னு சிலர் சொல்றாங்க. ஆனா மின்னல் வெட்டும்போது தேயிலைத் தோட்டத்து நடுவில் வண்டியில் இருக்கக் கூடாது, மரத்தடியும் ஆகாது, கட்டடத்துக்குள்ள போகணும்.

அந்தப் பக்கம் அடிக்கடி போறவங்க சொல்லுங்க. பூப்பாறைக்கும் நெடுங்கண்டத்துக்கும் இடையில் இத்தனை வண்டியோட ஒதுங்க எங்கே இடம் இருக்கு? ஞாயித்துக்கிழமை பஞ்சர் கடை திறந்திருக்குமா? மழையில் இறங்க கம்பம்மெட்டு நல்லதா, வந்த வழியே போடிமெட்டு நல்லதா? சமீபத்தில் போனவங்க தேவிகுளம் கேப் ரோட்டில் மண் சரிவு ஏதும் இருந்தா அதையும் சொல்லுங்க.