ரபி பட்டம் இல்லாதவர் ரபி பள்ளிக்குத் தலைவராகலாமா?

கார்த்திக்_ஈரோடு:
நியூயார்க்கில் யூத மதகுருக்களான ரபிகளைப் பயிற்றுவிக்கும் ஜூயிஷ் தியாலஜிகல் செமினரிக்கு (சுருக்கமாக ஜேடிஎஸ்) 2020ல் ஷூலி ரூபின் ஷ்வார்ட்ஸ் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். வரலாற்று அறிஞர், ஆனால் ரபி அல்ல. அவருக்கு முன் 2007லிருந்து இருந்த ஆர்னால்டு ஐசனும் ரபி அல்ல. யூதர்களில் தாராளப் போக்குள்ள சீர்திருத்தப் பிரிவின் ஹீப்ரு யூனியன் கல்லூரிக்குத் தலைவராக வந்த ஆண்ட்ரூ ரெஃபெல்ட் அரசியல் அறிவியல் படித்தவர். பெண் தலைவரானதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, தயவுசெய்து பேச்சை அங்கே இழுக்காதீர்கள். நான் கேட்பது வேறு. வருடக்கணக்கில் யூதச் சட்ட நூலான தல்மூத்தைப் படித்துவிட்டு ஒரு சபையில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னால் போய் நிற்கப் போகிறவர்களுக்கு, அந்த வேலையை ஒருநாளும் பார்க்காதவர் எப்படித் தலைமை தாங்குவார்? நாதஸ்வரம் ஊதத் தெரியாதவரை இசைப்பள்ளிக்கு முதல்வராக்கினால் நம் ஊரில் சும்மா இருப்போமா?

ஸ்டெல்லா_தூத்துக்குடி:
இசைப்பள்ளி முதல்வர் கச்சேரி செய்ய வேண்டியதில்லை தம்பி, நல்ல வித்வானைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்தால் போதும். அப்புறம் இது என்னவோ 2007ல் ஆரம்பித்த வழக்கம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அதே ஜேடிஎஸ்ஸில் 1915ல் தலைவர் சாலமன் ஷெக்டர் இறந்ததும் பொறுப்புக்கு வந்த சைரஸ் அட்லர் யார்? ஹீப்ரு போன்ற செமிட்டிக் மொழிகளின் ஆய்வாளர், வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தில் நூலகராக இருந்தவர். ரபி பட்டம் கிடையாது. 1940ல் சாகும்வரை, கால் நூற்றாண்டு அவர்தான். அதுவும் ஃபிலடெல்ஃபியாவில் இன்னொரு கல்லூரியையும் சேர்த்து நடத்திக்கொண்டு! பிராட்வே 122வது தெருவில் இருக்கும் வளாகம் எழும்பியதும் அவர் காலத்தில்தான்.

கார்த்திக்_ஈரோடு:
கட்டடம் கட்டினார், சரி. படிப்பின் உயிர் யார் கையில் இருந்தது? லூயிஸ் கின்ஸ்பெர்க் போன்ற தல்மூத் ஆசிரியர்கள் கையில். அட்லர் இல்லாமலும் பள்ளி நடந்திருக்கும், கின்ஸ்பெர்க் இல்லாமல் நடந்திருக்காது.

நூலகப்பூனை:
கார்த்திக் இப்போது சொன்னதைத்தான் நான் சொல்ல வந்தேன், ஆனால் அது அவர் கட்சிக்கு உதவாது. இந்தப் பள்ளிகளில் பெரிய விஷயங்களில் தலைவர் நினைத்தது உடனே நடந்துவிடாது, ஆசிரியர்கள் ஒத்துவர வேண்டும். பெண்களை ரபியாக்கும் விவகாரத்தைப் பாருங்கள். அப்போது ஜேடிஎஸ் தலைவர் கெர்சன் கோஹன், அவர் ரபிதான். முதலில் எதிர்த்து, பிறகு மனம் மாறி, இதைச் செய்தே தீர வேண்டும் என்று நின்றவர். என்ன ஆயிற்று? 1979 டிசம்பரில் ஆசிரியர் கூட்டம் தீர்மானத்தைக் கிடப்பில் போட்டது, அதற்கு ஆதரவாக 25 வாக்கு, எதிராக 19. நாலு வருடம் காத்திருந்தார். 1983 அக்டோபரில் மறுபடி வாக்கெடுப்பு, பெண்களைச் சேர்க்க ஆதரவாக 34 வாக்கு, எதிராக 8. அங்கே ரபியான முதல் பெண் ஏமி ஐல்பெர்க் 1985ல் பட்டம் பெற்றது அதற்குப் பிறகுதான். தல்மூத் துறையில் சிலர் அந்த 1983 கூட்டத்துக்கே வரவில்லை. அவர்கள் வாதம் இதுதான்: இது யூதச் சட்டம் சம்பந்தப்பட்ட கேள்வி, சட்டம் கற்றவர்கள் தீர்க்க வேண்டியது, வரலாறும் இலக்கியமும் நடத்துகிறவர்கள் எல்லாம் கை தூக்கி முடிவு செய்ய இது என்ன சங்கத் தேர்தலா? டேவிட் வைஸ் ஹாலிவ்னி போன்ற பெரிய தல்மூத் அறிஞரே இதில் மனம் கசந்து பள்ளியை விட்டுப் போனார்.

கார்த்திக்_ஈரோடு:
இது எனக்கு உதவாதா! ஹாலிவ்னி கேட்டதும் நான் கேட்பதும் ஒன்றுதானே. முடிவு சரியா தவறா என்பதை விடுங்கள், எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. ஆனால் முடிவெடுக்கும் தகுதி யாருக்கு என்று கேட்டவர் வெளியே போனார், பள்ளி தன் வழியில் போனது.

ஸ்டெல்லா_தூத்துக்குடி:
பள்ளி அன்று ரபி ஒருவரின் தலைமையில்தானே தன் வழியில் போனது? அதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

யூதர்களில் பழமை வழுவாத ஆர்த்தடாக்ஸ் பிரிவின் பக்கமும் வாருங்கள். யெஷிவா பல்கலைக்கழகத்தில் 2003ல் ரிச்சர்ட் ஜோயல் தலைவரானார். வழக்கறிஞர். அங்கே அதுவரை அந்த நாற்காலியில் ரபிகள்தான் இருந்தார்கள், எதிர்ப்பும் இருந்தது. என்ன செய்தார்கள்? நிர்வாகத்தை ஜோயலுக்குக் கொடுத்துவிட்டு, முந்தைய தலைவர் நார்மன் லாமை ரோஷ் யெஷிவாவாக, அதாவது கல்விப் பீடத்தின் தலைமைக் குருவாக, 2013 வரை வைத்துக்கொண்டார்கள். அதற்கும் முன்பு அங்கே எல்லோரும் அண்ணாந்து பார்த்தது யாரை? ஜோசப் சொலொவெய்ச்சிக்கை. குடும்பம் பாஸ்டனில், 1941லிருந்து வாராவாரம் நியூயார்க் வந்து பாடம். அவரிடம் படித்து ரபி ஆனவர்கள் ஆயிரக்கணக்கில். பல்கலைக்கழகத் தலைவர் பதவியில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

மௌனகுரு:
நிர்வாகம் தெரிந்தவர் வந்தால் கணக்கு சுத்தமாக இருக்கும் என்கிறீர்கள். 2008ல் முதலீட்டாளர்கள் பணத்தைச் சுருட்டிய பெர்னார்டு மேடாஃபின் மோசடி வெடித்தபோது அவர் அந்த யெஷிவா பல்கலைக்கழக அறங்காவலர் குழுவின் பொருளாளர். 😀

ஸ்டெல்லா_தூத்துக்குடி:
சிரிக்கலாம். ஆனால் மேடாஃப் அந்தக் குழுவுக்குள் வந்தது லாம் காலத்தில். ரபி இருந்தார், கண்டுபிடிக்கவில்லை. வழக்கறிஞர் வந்தார், அவரும் கண்டுபிடிக்கவில்லை. லாமைக் குறைத்தும் பேசவில்லை, எழுபதுகளின் கடைசியில் திவாலாகும் நிலையிலிருந்த பல்கலைக்கழகத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர். அதே லாம் 2013ல் விலகும்போது எழுதிய கடிதத்தில், பல்கலைக்கழகத்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்மீது நடந்த பாலியல் கொடுமை பற்றிய புகார்களில் தான் சரியாக நடந்துகொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டார். பட்டம் ஒருவரைக் காபந்து செய்யாது, அவ்வளவுதான்.

கார்த்திக்_ஈரோடு:
அது பட்டத்தின் குற்றமில்லை, அதிகாரத்தில் இருந்தவர்களின் குற்றம். ரபி என்றால் ஒழுக்கசீலர் என்று நான் எங்கேயும் எழுதவில்லையே அக்கா.

நூலகப்பூனை:
நடுவில் ஒன்று. தலைவர், குரு என்று இரண்டு பேரைப் பற்றியே பேசுகிறோம், மீதி ஊழியர்கள்? 1966 ஏப்ரலில் ஜேடிஎஸ் நூலகக் கோபுரம் தீப்பிடித்து எழுபதாயிரம் புத்தகம் போனது. தப்பியவையும் தீயணைப்புத் தண்ணீரில் ஊறிப் போயின. நூலக ஊழியர்களும் மாணவர்களும் அக்கம்பக்கத்தாருமாக உட்கார்ந்து, ஈரப் புத்தகங்களின் பக்கங்களுக்கு நடுவே காகிதத் துண்டுகளைச் செருகிச் செருகி உலர்த்தினார்கள். அவர்களில் யார் ரபி, யார் இல்லை என்று அன்றைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சரி, தொடருங்கள்.

ஸ்டெல்லா_தூத்துக்குடி:
பூனை சொன்னதே சரி. ஜேடிஎஸ்ஸில் ரபி பள்ளிக்கென்று தனி டீன் உண்டு, அவர் ரபி. பட்டம் கொடுப்பது ரபிகள். மேலே இருக்கிறவர் நிதி திரட்டட்டும், ஆள் எடுக்கட்டும். இதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

கார்த்திக்_ஈரோடு:
பணப்பை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எந்த ஆசிரியர் எங்கே இருப்பார், இருப்பாரா என்றே முடிவு செய்கிறார். ஹீப்ரு யூனியன் கல்லூரி 1875ல் ஐசக் மேயர் வைஸ் சின்சினாட்டியில் தொடங்கியது. 2022 ஏப்ரலில் நிர்வாகக் குழு வாக்களித்து, அதே சின்சினாட்டியில் ரபி பயிற்சியை 2026க்குள் நிறுத்துவதென்று முடிவெடுத்தது. பழைய மாணவர்கள் எவ்வளவோ கத்திப் பார்த்தார்கள். ரெஃபெல்ட் தலைமையில் நடந்தது இது.

மௌனகுரு:
மாணவர் சேர்க்கை விழுந்துவிட்டது, கையில் காசில்லை. மோசேயே தலைவராக இருந்தாலும் மூடத்தான் வேண்டும்.

ஸ்டெல்லா_தூத்துக்குடி:
அதே. 2009ல் டேவிட் எல்லன்சன் தலைவராக இருந்தபோதும் அமெரிக்க வளாகங்களில் சிலவற்றை மூடலாமா என்று பேச்சு எழுந்ததே? அவர் ரபி, அறிஞரும்கூட.

கார்த்திக்_ஈரோடு:
எழுந்தது. மூன்று வளாகத்தையும் வைத்துக்கொண்டார்கள். 2022ல் வைத்துக்கொள்ளவில்லை. நடுவில் என்ன மாறியது என்று நீங்களே சொல்லுங்கள்.

மௌனகுரு:
நடுவில் பதின்மூன்று வருடம் போனது சார்.